இடது ஓரத்து வரிசை

ஈயம் ஏற்கெனவே பளபளவென்று உட்கார்ந்திருந்த இடத்தில் சால்டரிங் முனையை மறுபடியும் வைத்து அழுத்தினாள் ரேணுகா. நேற்று ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, இப்போது. பிசின் கருகிப் புகை மூக்கில் ஏறியது. இந்தப் பற்றில் ஒரு குறையும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். காலையில் அவள் கண்ணாலேயே பார்த்தாள், உள்ளங்கை அகல எல்.இ.டி. பலகையில் இடது ஓரத்து விளக்கு வரிசை மேலிருந்து கீழ்வரை சிவப்பாக எரிந்தது, ஒரு புள்ளிகூட மங்கல் இல்லை. ஆனால் சிகாமணி சொல்லிவிட்டார். "அந்தப் பக்கம் எரியறதில்ல ரேணு. சால்டர் உக்காரல. எடுத்துட்டுப் போய்ப் பாரு." புருஷன் அப்படிச் சொன்ன மாத்திரத்தில் அவள் கை பலகையை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்துவிடுகிறது. யோசிப்பதெல்லாம் பிறகுதான். லிஃப்ட்டுக்குள் மாடி எண் காட்டுகிற பலகைகள் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் அவள் சால்டர் வைக்கிறவள், அவர் கடைசி மேசையில் சோதித்து அனுப்புகிறவர். எல்லாப் புள்ளிகளையும் ஒருசேர எரியவிட்டு ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், செத்த புள்ளியின் மேல் விரல் போய் நிற்கும். மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அவர் எரியவில்லை என்றால் எரியவில்லை. பலகை அவள் மேசைக்குத் திரும்பி வரும், பேச்சில்லாமல் அவள் மறுபடி சூடாக்குவாள், கல்யாணத்துக்கு முன்னாலும் அப்படித்தான், பின்னாலும் அப்படித்தான். அவர் ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை. அதுதான் இப்போது சிக்கல். தவறாகவே சொல்லியிராத மனிதர் சொல்லும்போது, எரிவதைப் பார்த்த பிறகும், தன் கண்ணின் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் வருகிறது. ஒருவேளை அவர் பார்த்த நேரத்தில் மட்டும் அணைந்திருக்குமோ. ஆடுகிற பற்றாக இருந்தால் அப்படி ஆகும், இவள் கையில் எரியும், அவரிடம் கொடுத்ததும் அணையும். ஆகாதா என்ன. அப்படி இருந்துவிட்டால் பழுது பலகையில்தான், அவர் தலைக்குள் இல்லை. அப்படியே இருந்துவிடட்டும் என்று முனையை இன்னும் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தாள்.

உள்ளே கட்டிலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பிட்டதும் வருகிற தூக்கம். தட்டின் வலது பாதியைத் துடைத்ததுபோலச் சாப்பிட்டுவிட்டு, இடது பாதியில் சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் வைத்தது வைத்தபடி இருக்க, "இன்னிக்குக் கொஞ்சமா வெச்சுட்டியாட்ட இருக்குது" என்றார். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய புதிதில் அவள் தட்டைப் பாதி சுற்றித் திருப்பிவிடுவாள், புதிதாகப் பரிமாறியதுபோல அவர் மிச்சத்தையும் சாப்பிடுவார். பயிற்சி கொடுக்க வருகிற ஷெர்லி அதைப் பார்த்துவிட்டுக் கூடாது என்றாள். சின்னப் பெண்தான், ஆனால் அவள் சொன்னது மனசில் தங்கிவிட்டது. "கண்ணுல ஒண்ணுமில்லீங்கக்கா. இடதுபக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மறந்துபோச்சு. நீங்க தட்டைத் திருப்பினீங்கன்னா மறந்தது மறந்ததாவே இருந்துக்கும். அவருதான் திரும்பணும். திரும்பறதுன்னா இந்த ஆரம்ப மாசங்கள்லதான். அப்புறம் எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான்." எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கும்போது, பல் தேய்க்கும்போது, பக்கத்து லேத் பட்டறையில் இரும்பு கிறீச்சிடும்போது, அந்த வாக்கியம் தானாக வந்து நிற்கும். வலப்பக்கம் பிடித்ததைக் காட்டி மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்த்துங்கள் என்றாள் ஷெர்லி. ரேணுகா எலுமிச்சம்பழத்தைக் காட்டினாள், டார்ச்சைக் காட்டினாள், போனில் அவருக்குப் பிடித்த கபடியை ஓடவிட்டுக் காட்டினாள். மூக்குக்கு நேரே வரும்வரை பார்ப்பார். அதைத் தாண்டியதும் பழம் இல்லை, டார்ச் இல்லை, கபடி இல்லை. அவை போன இடத்தைத் தேடவும் மாட்டார். இல்லாமல் போன பொருளைத்தானே தேடுவார்கள், அவருக்கு அவை இருந்த இடமே இல்லை. பிறகுதான் இது தோன்றியது. இந்த மனிதர் ஆயுசு முழுக்க எதைப் பார்த்தார்? சிவப்புப் புள்ளிகளை. பழைய பலகை ஒன்றைத் தேடி எடுத்து, பிளாஸ்டிக் டப்பா மூடியில் பொருத்தி, லேப்டாப்பில் ஒரு விளையாட்டு எழுதி அதில் ஏற்றினாள். மேலிருந்து ஒரு புள்ளி விழும். அடியில் இரண்டு புள்ளி அகலத்தில் ஒரு கூடை. இரண்டு பட்டன்களையும் வலதுகைக்கு வைத்தாள், இடதுகை மடியில் கிடக்கிறது, அதைக் கேட்கக் கூடாது. முதல் புள்ளி வலது ஓரத்தில் விழும், பிடித்தால் அடுத்தது ஒரு வரிசை இடப்பக்கம் தள்ளி விழும். ஆட்டுக்கு முன்னால் தழையைக் காட்டிக் காட்டி நடத்துவதுபோல. முதல்நாள் அவர் முகத்தில் பழைய வேலைக் களை வந்துவிட்டது. பிடித்தார், பிடித்தார், நடு வரிசைவரை வந்தார். அதற்கு அடுத்த புள்ளி விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது, அவர் விரல் அசையாமல் காத்திருந்தது. "நின்னு போச்சே" என்றார்.

இன்று வெயில் தாழ்ந்ததும் உடுமலையிலிருந்து அவருடைய அண்ணன் கிட்டுசாமி காரில் வந்து அவரை அழைத்துக்கொண்டு போகப்போகிறார். ஒரு மாதம் கேட்டிருந்தாள், மாதம் முடிந்துவிட்டது. கேட்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே கூட்டிப்போயிருப்பார்கள், அந்த மினி லாரி நாளன்று. கேட்டைத் திறந்துகொண்டு அவர் தெருவுக்குப் போய்விட்டார். கால்கள் நன்றாகத் தேறியிருந்தன, அதுவும் ஒரு விபரீதம். வலப்பக்கம் பார்த்து, வண்டி போகும்வரை நின்று, எத்தனை நிதானம், சாலையின் முதல் பாதியைக் குறையே சொல்ல முடியாதபடி தாண்டினார். மறுபாதியில் இடப்பக்கமிருந்து லாரி வந்தது. டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றிருப்பான் போல, டயர் கருகிய வாசனை வீட்டுக்குள் வரை வந்தது. சிகாமணி திரும்பக்கூட இல்லை. "எங்கயோ ஹாரன் அடிக்கறாங்க" என்றார். திங்கட்கிழமையிலிருந்து அவள் வேலைக்குப் போயாக வேண்டும், இனி லீவு கிடையாது. அவரைப் பூட்டிவைத்துவிட்டுப் போக முடியாது. பெரிய மாமா கிட்டுசாமி சொல்வதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் கஷ்டம், தப்பிருந்தால் சண்டை போடலாம். அந்த வீட்டில் அவர் சம்சாரம், அக்கா, நாள் முழுக்க இருக்கிறாள், தங்கமான மனுஷி. அந்தத் தங்கத்தை நினைத்தால்தான் இவளுக்குப் பயம். அவர்கள் சோற்றை வலப்பக்கம் வைப்பார்கள். தண்ணீரை வலப்பக்கம் வைப்பார்கள். கட்டிலைச் சுவரோரம் தள்ளி வலப்பக்கம் உட்கார்ந்து விசிறுவார்கள், வருகிறவர்களை எல்லாம் இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம் வாங்க என்று கூப்பிடுவார்கள். அன்பாகவே, ஒரு சுடுசொல் இல்லாமல், அவரை அந்தப் பாதிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் ஆரம்ப மாசங்கள் முடிந்துபோகும். எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான்.

முனை வழுக்கியது. எடுத்துப் பார்த்தால், ஈயத்தோடு சேர்ந்து அடியிலிருந்த செப்புத் தடமும் பெயர்ந்து, காய்ந்த புண்ணின் பொருக்குபோலத் தொங்கியது. ரேணுகா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் செய்கிற தப்பு. சூடு தாங்காமல் தடம் உரிந்துவிடும் என்று அவர்கள் கையைத் தட்டிவிட்டவள் அவள். மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள். எல்லாம் எரிந்தது, இடது ஓரத்து வரிசை மட்டும் கறுத்துக் கிடந்தது. நல்ல வரிசை. எரிந்துகொண்டிருந்த வரிசை. எரியவில்லை எரியவில்லை என்று மறுபடி மறுபடி சூடு வைத்து அவளே கொன்றுவிட்டாள். இப்போது அவர் எழுந்து வந்து "எரியறதில்ல" என்றால் அது சத்தியம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. இப்படியே விட்டுவிட்டால் என்ன? அவர் சொல்வது சரி, அவர் எப்போதும் சொல்வதுபோலச் சரி, பலகைதான் பழுது. பெரிய மாமாவிடமும் சொல்லலாம், பலகை பழுதுங்க, அதனாலதான். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இன்னொன்றையும் பார்த்தாள். விளையாட்டின் நிரலில் வரிசை எட்டு என்று இருக்கிற ஓர் இடத்தை நாலு என்று மாற்றினால் போதும், புள்ளிகள் வலது பாதியில் மட்டுமே விழும். மாற்றினாள். விழுந்தன. சிகாமணி ஒன்றுவிடாமல் பிடிப்பார். பெரிய மாமா தொடையில் தட்டி, அடடா தம்பி, என்பார். மூளை நல்லா வேலை செய்யுதே அம்மிணி, இன்னொரு மாசம் இங்கயே இருக்கட்டும் என்பார். சொல்லுவாரா? சொல்லலாம். சிவப்புப் புள்ளிகள் அந்த நாலு வரிசைக்குள் மழைபோல விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. இது என்ன? தட்டைத் திருப்பிவைப்பதுதானே இது. உடுமலைக்குப் போகும் முன்னாலேயே உடுமலையை இங்கே கொண்டுவந்து வைப்பதுதானே. நாலை அழித்து எட்டை வைத்தாள். வைத்துவிட்டு, அழித்தது சரிதானா என்று மறுபடி தோன்ற, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

தடம் இல்லாத இடத்தில் ஒயர் இழுக்க வேண்டும். பலகையின் பின்னால் இடமில்லை, எல்லாம் நெருக்கமாக இருந்தது. ஒரு துண்டு மஞ்சள் ஒயரை அறுத்து, வரிசையின் காலில் ஒரு முனையைப் பற்றவைத்து, பலகையின் இடது விளிம்பைச் சுற்றி வெளியே கொண்டுவந்து மறுமுனையை உள்ளே செலுத்தினாள். அசிங்கமாக இருந்தது. கம்பெனியில் இப்படி ஒரு வேலையை அவர் கண்ணில் காட்டியிருக்க மாட்டாள். அவர் கண்ணில் எது பட்டது? எரியாதது மட்டும்தான் பட்டது. அவள் புதுப்புடவை கட்டினால் படாது, கொலுசை மாற்றினால் படாது, ஓர் ஓரத்தில் ஒரு புள்ளி மங்கினால் படும். ஒருமுறை இருவருமாக ஒரு கட்டடத்துக்குப் பலகை மாட்டப் போயிருந்தபோது, இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. அப்போது கல்யாணப் பேச்சுகூட இல்லை. அவளுக்கு மூச்சு முட்டியது, கத்தினாள். அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் மேல்நோக்கிய அம்பு ஏறிக்கொண்டே இருந்தது. "லிஃப்ட் நின்னாலும் நம்ம அம்பு ஏறுது பாருங்க. நம்ம வேலையில குத்தமில்ல" என்றார். அவள் கத்துவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பயத்தில் வந்த சிரிப்பு, அது ஓயவே இல்லை, ஆட்கள் வந்து கதவைப் பிளக்கும்வரை. அந்தச் சிரிப்பையாவது பார்த்தாரா, பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? அப்போதும் அவள் அவருக்கு இடப்பக்கம்தான் நின்றிருந்தாள். இப்போது அதை நினைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் மனசு அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. வலப்பக்கம் நின்றிருந்தேனோ? கதவு எந்தப் பக்கம்? இப்போதெல்லாம் அழுகை வந்தால் அவள் அவருக்கு இடப்பக்கம் போய் நின்றுகொள்கிறாள். ஒரு முழம் தூரத்தில் நின்று மூக்கைச் சிந்தி அழுது முடிக்கலாம், அவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சத்தம் கேட்டால் வலப்பக்கம் திரும்பி, "யாரு ரேணு வந்திருக்கறது?" என்பார். யாருமில்லீங்க என்பாள். அது பொய்யும் இல்லை. ஒயரை நெளிவெடுத்து மறுபடி மின்சாரம் கொடுத்தாள். இடது ஓரத்து வரிசை எரிந்தது, மற்ற எதையும்விடக் கொஞ்சம் கூடுதலாகவே.

கார் சத்தம் கேட்டபோது வெயில் இன்னும் முற்றத்தைவிட்டுப் போகவில்லை. பெரிய மாமா சீக்கிரம் வந்துவிட்டார். சிகாமணி எழுந்து முகம் கழுவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சட்டையின் வலது கையை மட்டும் மாட்டிக்கொண்டு. கிட்டுசாமி செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார், "என்னம்மிணி, டீ கீ குடிச்சீங்களா" என்று கேட்டுக்கொண்டே கிடந்த நாற்காலியை இழுத்துத் தம்பிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இடப்பக்கம். "சாமி, எப்படி இருக்கறே?" என்று அவர் தம்பியின் தோளைத் தொடப்போனார். சிகாமணியின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் வலப்பக்கம் ஜன்னலை நோக்கித் திரும்பியது. "வாண்ணா. எப்ப வந்தே? ஏன் வெளியவே நிக்கறே, உள்ள வா." தொடப்போன கை அந்தரத்தில் நின்றது. கிட்டுசாமி ரேணுகாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார். "இந்தா, இங்கதான் சாமி இருக்கறேன்." எல்லோரும் அப்படித்தான் சுற்றி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பலகையை எடுத்துக்கொண்டுபோய் சிகாமணியின் மடியில் வைத்தாள். "பெரிய மாமா, ஒரு ஆட்டம் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றாள். குரல் தன்னுடையதுபோலவே இல்லை.

பிடித்தார். வலது ஓரம், அதற்கடுத்தது, அதற்கடுத்தது. "அடடா" என்றார் கிட்டுசாமி, நிஜமாகவே தொடையில் தட்டினார். நடு வரிசை. பிடித்தார். அடுத்த புள்ளி மேலே தோன்றியது. திரும்பு. ரேணுகாவின் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது, அவள் திரும்பினால் அவரும் திரும்பிவிடுவார் என்பதுபோல. புள்ளி ஒவ்வொரு படியாக இறங்கியது. திரும்புங்க, இங்க, இங்கதான், இத்தனை நாளும் இங்கதான். விழுந்து அணைந்தது. சிகாமணி காத்திருந்தார். பிறகு பலகையை அவள் குரல் வந்த பக்கமாக, அதாவது அவர் நினைத்த பக்கமாக, வலப்பக்கம் நீட்டினார். "அந்தப் பக்கம் எரியறதில்ல. எடுத்துட்டுப் போய்ப் பாரு." அவள் கை நீண்டது. நீண்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். "எரியுதுங்க" என்றாள். அறை ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் சொல்லி அவள் மறுத்தது இதுவரை கிடையாது. சிகாமணியின் புருவம் ஏறியது. "ஏன் ரேணு, எனக்கே சொல்றியா? சால்டர் வெக்கறவங்கெல்லாம் டெஸ்ட் பண்ணக் கெளம்பிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றார். கிட்டுசாமி சமாதானமாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "எரியுதுங்க. கோளாறு இருந்தா எந்த இடம்னு காட்டுங்க" என்றாள். அவர் பலகையை மடியில் வைத்து, சோதனை மேசையில் செய்வதுபோலக் கட்டைவிரலை வலது விளிம்பில் ஊன்றினார். விரல் புள்ளிகளின் மேல் ஊர்ந்தது. நடு வரிசைவரை வந்தது. நின்றது. பிறகு, பழக்கத்தில் வருவதுபோல, கோபத்தில் வருவதுபோல, அது நடுவைத் தாண்டி ஊர்ந்துகொண்டே போய் இடது விளிம்பில் எதிலோ தட்டியது. "இதென்ன ஒயரு வெளிய தொங்குது?" என்றார் சிகாமணி. "இப்படியா ஒரு பொருளை வெளிய விடறது? யாரு போட்டது இதை?" விரல் மஞ்சள் ஒயரை நெருடி நெருடிப் பார்த்தது. கண்கள் மட்டும் வலது பாதியில், காலியாகக் கிடந்த கூடையின் மேல் நிலைத்திருந்தன.

"பெரிய மாமா" என்றாள் ரேணுகா, "பார்த்தீங்களா?" "பார்த்தேன்" என்றார் கிட்டுசாமி. "கைதான் அம்மிணி அங்க போச்சு. கண்ணு இந்தப் பக்கமேதான் இருந்துச்சு." எத்தனை மெதுவாகச் சொல்ல முடியுமோ அத்தனை மெதுவாகச் சொன்னார். சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அவள் தலையாட்டினாள். கை போனால் போதாதா, கை அவருடையதில்லையா, கைக்குத் தெரிந்திருக்கிறதே, இன்றைக்குக் கை, நாளைக்கு? எல்லாம் வாய்க்குள்ளேயே இடித்துக்கொண்டு நின்றன. பையில் மருந்தையும் துணிகளையும் அடுக்கும்போது ஒவ்வொன்றாகச் சொன்னாள். பலகையைத் தினமும் கொடுங்க. சோத்தை நேரா வெச்சாலும் கொழம்பை இடதுபக்கம் வைங்க. அவரே தேடட்டும். கிட்டுசாமி கேட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில் தாங்க முடியாமல், "பசிச்சு உக்காந்திருக்கறவனுக்குச் சோத்த மறைச்சு வெக்கச் சொல்றியா அம்மிணி? உங்கக்கா மனசு கேக்குமா?" என்றார். கேட்காது. அவளுக்கே கேட்டதில்லை. உடுமலையில் இன்று ராத்திரியே ஆரம்பித்துவிடும், சுடச்சுடத் தோசை வார்த்து வலப்பக்கத்தில் வைப்பார்கள், அவர் வயிறாரச் சாப்பிடுவார், நான்கூட இப்படிச் சாப்பிடவிட்டதில்லையே. பையின் ஜிப்பு ஓர் இடத்தில் சிக்கியது. இழுத்தாள். "ரேணு வரலையா?" என்று சிகாமணி ஜன்னலிடம் கேட்டார். "ஞாயித்துக்கிழமை வர்றேனுங்க" என்றாள் அவள், அவருடைய இடப்பக்கத்திலிருந்து. "எங்க நின்னு பேசறேன்னே தெரியறதில்ல" என்று அவர் சலித்துக்கொண்டார்.

வாசலில் கிட்டுசாமி தம்பியைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து, மூச்சு வாங்க, மூலையில் ஒன்றும் படியில் ஒன்றுமாகக் கிடந்த தம்பியுடைய செருப்புகளை எடுத்தார். இரண்டையும் வலது காலுக்குப் பக்கத்தில் ஒன்றாகச் சேர்த்து, முன்பக்கம் வெளியே பார்த்திருக்கும்படி ஒழுங்காக வைத்தார். "மாட்டிக்கோ சாமி" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு காரைப் பார்த்துப் போனார். சிகாமணி கதவில் சாய்ந்தபடி வலது செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். லேத் பட்டறையில் ஏதோ ஓடி நின்றது. ரேணுகா பின்னால் வந்து, கால்விரலால் இடது செருப்பை மெதுவாகத் தள்ளி, அவருடைய இடப்பக்கத்தில் கொண்டுபோய் விட்டாள்.